கயிற்றுக்கு வெளியே
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற சித்திரை விடுமுறையிலே சுவிற்சர்லாந்தின் அப்பன்செல் நகரில் ஒரு குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கும் பேறு எமக்குக் கிட்டியது. அது இன்னர்றோடன் என்னும் சிறு மாநிலத்தின் தலைநகர். அங்கே வழக்கமாக ஏப்ரில் மாதக் கடைசி ஞாயிறன்று வாக்குரிமையுடையோர் சதுக்கத்திலே கூடிநின்று, கையுயர்த்தித் தம் ஆட்சியாளரைத் தெரிவு செய்கின்றனர், சட்டங்களையும் தீர்மானிக்கின்றனர். வாக்குப் பெட்டியுமில்லை, புள்ளடியுமில்லை. ஆடவர் பலர் வழிவழி வந்த வாளையே வாக்குரிமைக்கு அடையாளமாகக் கொண்டு வருகின்றனர். நாம் கயிற்றுக்கு வெளியே நின்று கண்டு வியந்தோம்.

அன்றிரவு உணவு வேளையில் எம் வியப்பைக் கூறினோம். அறுபதைக் கடந்த வீட்டு அம்மையார் புன்னகைத்து, "முப்பது வயதுவரை நானும் அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நின்றேன்" என்றார்.

அந்நாட்டுப் பெண்கள் தேசிய வாக்குரிமை பெற்றது 1971 இல். ஆயினும் அம்மாநில விடயங்களில் வாக்களிக்க அவ்வூர் ஆடவர் 1990 ஏப்ரிலிலும் இடங்கொடுத்திலர். அவ்வாண்டு நவம்பரில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1991 இல் பெண்களும் சதுக்கத்துள் நின்றனர்.

"மறுத்தவர்களுள் நானும் ஒருவன்" என்றார் அவர் கணவர். "முன்னோர் வழக்கம் என்றோம், சதுக்கத்தில் இடம் போதாது என்றும் சொன்னோம். அடுத்த ஆண்டு இவள் என்னருகே நின்றாள். இடம் போதுமாயிருந்தது."

"எங்கள் நாட்டுப் பெண்கள் 1931 ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றனர், 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரும் எம் நாட்டிலேயே பதவியேற்றார்" என்று நாம் பெருமிதத்தோடு கூறினோம். அம்மையார் மகிழ்ந்தார். பின்னர், "உங்கள் சங்கத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதன் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவார்களா?" என்று கேட்டார்.

எமக்கு விடை எழவில்லை. விழாவிலே கோலமிடுவோரும் மாலை கட்டுவோரும் பண்ணிசைப்போரும் நம் சகோதரிகளே. பொதுக்கூட்டத்திலோ அவர்களுக்குப் பின்வரிசை. யாப்பிலே தடையில்லை, ஆயினும் கண்ணுக்குத் தெரியாத கயிறொன்று கட்டப்பட்டிருக்கிறது. இறைவனை மாதொருபாகனாக வழிபடும் நமக்கு இது தகுமா?

பெரியோர்களைக் குறைகூற நாம் வரவில்லை. இளைஞராகிய நாமும் இதுவரை வாளாவிருந்தோம். வருகின்ற நிருவாக சபைத் தெரிவிலே ஒரு சகோதரியின் பெயரை முன்மொழிய எண்ணியுள்ளோம். அதனை வழிமொழிபவர் பெரியோருள் ஒருவராயிருத்தல் வேண்டும் என்பதே எமது பணிவான வேண்டுகோள். நமது மண்டபத்திலும் இடம் போதும்.