முன் ரயர்கள் சீரின்றித் தேய்வதேன்?



பெரும்போகம் தொடங்குமுன் கலப்பையைப் பார்க்கிறோம், எண்ணெயை மாற்றுகிறோம், பின் சில்லுகளைத் தட்டிப் பார்க்கிறோம். உழவு யந்திரத்தின் முன் ரயர்களையோ பலர் கவனிப்பதில்லை. யந்திரத்தைத் திருப்புபவை அவையே. நெல் மூடைகள் ஏற்றிய பெட்டியுடன் குளக்கட்டின்மேல் வரும்போது முன் ரயர் வெடித்தால், நட்டம் ஒரு ரயரின் விலையோடு நின்றுவிடாது. ஆதலால் ரயர் தேயும் விதத்தைக் கொண்டு காரணத்தை அறியும் முறையை இன்று கூற விரும்புகிறேன்.

சீரற்ற தேய்வு ஒரு நோயின் குறியாகும். நோயைத் தீர்க்காது ரயரை மட்டும் மாற்றினால், புதிய ரயரும் அவ்வாறே தேயும். சேற்று வயலில் மண் இளகிக் கொடுப்பதால் தேய்வு குறைவு. தார் வீதியிலேயே அது விரைவாக வெளிப்படும்.

ரயரைக் கழுவித் துடைத்தபின் இக்குறிகளைப் பாருங்கள்:

1. ஓரங்கள் தேயாதிருக்க நடுப்பகுதி தட்டையானால், காற்று மிகுதி. நடு வரம்பு உயர்ந்துள்ள ரயர்களில் அது சற்று முந்தித் தேய்வது இயல்பு.

2. இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால், காற்றுக் குறைவு அல்லது முன்பாரம் மிகுதி.

3. றப்பர் வரம்புகளின் ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு மழுங்கியும் இருந்தால், சில்லுகள் நேராக ஓடவில்லை. யந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும்போது ரயரின் குறுக்கே கையால் மெல்லத் தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுக்கி, உள்ளிருந்து வெளியே தடவும்போது கூராகத் தட்டினால், சில்லுகளின் முன்புறம் அளவுக்கு மேல் உட்சாய்ந்துள்ளது. மாறாக இருப்பின், வெளிச்சாய்ந்துள்ளது.

4. விளிம்பு கூராகாமல் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால், அச்சு வளைந்தோ, கிங் பின் தேய்ந்தோ இருக்கலாம். வரம்பிலோ கல்லிலோ பலமாக மோதிய யந்திரங்களில் இது ஏற்படும்.

5. இடையிடையே குழிகள் விழுந்தால், பெயாரிங், கிங் பின், சுக்கான் கோல்களின் மூட்டு ஆகியவற்றில் ஒன்று தளர்ந்திருக்கலாம்.

தளர்வை அறிய, சமதரையில் யந்திரத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். முன் அச்சை ஜக்கினால் உயர்த்தி, அச்சின்கீழ் உறுதியான மரக்குற்றியையும் வையுங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்; அசைந்தால் பெயாரிங் அல்லது கிங் பின்னைப் பாருங்கள். முன்னும் பின்னும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால், கோல்களின் மூட்டுகளைப் பாருங்கள்.

சாய்வை அளக்க, சில்லை இறக்கி நேராக நிறுத்துங்கள். இரு சில்லுகளின் உட்புற விளிம்பிலும், முன்பக்கத்தில் அச்சின் உயரத்தில், வெண்கட்டியால் அடையாளமிட்டு இடைத்தூரத்தை அளவுங்கள். பின் அடையாளங்கள் அதே உயரத்தில் பின்புறம் வரும்வரை யந்திரத்தை முன்னே உருட்டி, மீண்டும் அளவுங்கள். பெரும்பாலான யந்திரங்களில் முன்னளவு பின்னளவுக்குச் சமமாக, அல்லது சில மில்லிமீற்றர் குறைவாக இருக்கும். உங்கள் யந்திரத்துக்குரிய அளவு அதன் கைநூலில் உண்டு. மூட்டுகளின் தளர்வை நீக்காது கோல்களைத் திருத்துவது வீண்வேலை. மரக்கறிப் பாத்திகளுக்காகச் சில்லுகளின் அகலத்தை மாற்றியபோதும் இவ்வளவைச் சரிபார்த்தல் வேண்டும்.

நான்கு சில்லுகளும் இழுக்கும் யந்திரம் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். அவ்வகை யந்திரங்களில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடச் சற்று விரைவாகச் சுழலுமாறு அமைக்கப்பட்டுள்ளன. சேற்றில் அது நன்மை தரும். தார் வீதியிலோ முன் ரயர்கள் உராய்ந்து விரைவில் தேயும். எனவே வயலைவிட்டு வீதியில் ஏறியதும் முன் இழுவையை விலக்கிவிடுங்கள். நிறுவனம் குறிக்காத வேறு அளவு ரயரை ஒருபோதும் பூட்டாதீர்கள்.

செலவில்லாத காவல் மூன்று உண்டு. ரயர் குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை காற்றை அளந்து, இரு முன் ரயர்களிலும் சமமாக வையுங்கள். சேற்றில் உழுத நாட்களில், மாலையில் முன் அச்சின் மூட்டுகளுக்குப் புதிய கிறீஸ் செலுத்திச் சேற்றுநீரை வெளியேற்றுங்கள். பாரப் பெட்டியுடன் வேகமாக ஓட்டாதீர்கள்.

நாளை காலை யந்திரத்தை இயக்குமுன், முன் ரயர்களை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். கோளாறு சிறிதாயிருக்கும்போதே அது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.