தாய்வழி வரும் பார்வை இழப்பு

நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. இன்று நோயொன்றைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், அது எங்கள் குடும்பத்தில் இருக்கிறது.

ஊரில் என் அம்மாவின் தம்பிக்கு 22 வயதில் ஒரு கண்ணின் நடுப்பார்வை மங்கியது. நோவுமில்லை, சிவப்புமில்லை. இரண்டு மாதத்தில் மற்றக் கண்ணும் அப்படியே. செய்வினை என்றார்கள். தங்கைமாருக்குக் கலியாணம் பேசவேண்டுமே, ஆகையால் விபத்து என்று சொல்லி மறைத்தோம். பிறகு இடம்பெயர்ந்து ஆளுக்கொரு நாடானோம்.

சில வருடங்களுக்கு முன், இங்கே ஓக்லாந்தில், என் சித்தியின் பேரனுக்கு அதே மாதிரி வந்தது. கண்ணாடி மாற்றியும் பலனில்லை. "தாய்வழியில் யாருக்காவது பார்வை போனதா?" என்று கண் வைத்தியர் கேட்டார். இல்லை என்றாள் தாய். அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

இரத்தப் பரிசோதனையில் லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் என்று வந்தது. ஜெர்மன் வைத்தியர் தியோடர் லீபர் 1871இல் விவரித்த நோய் இது. அதற்கான மரபணுப் பிழையை 1988இல்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் கலங்களுக்குச் சக்தி தருவது இழைமணி, அதாவது மைற்றோகொன்றியா. அதற்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு, அவை தாயிடமிருந்து மட்டுமே வரும். கண், நரம்பு, தசை மூன்றுக்கும் சக்தி நிறைய வேண்டும். ஆகவே இழைமணிப் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். சிலருக்குத் தசை தளரும், சிலருக்கு வலிப்பு வரும். லீபர் நோயில் அடிபடுவது முக்கியமாகப் பார்வை நரம்பு. பிழை உள்ள எல்லோருக்கும் பார்வை போவதில்லை. ஆண்களுக்கே கூடுதலாகப் போகிறது. தாயைக் குறை சொல்லாதீர்கள், அவள் தெரிந்து தந்ததல்ல.

புகைபிடித்தால் ஆபத்துக் கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். எங்கள் பெடியன் 18 வயது தொடக்கம் சிகரெட் பிடித்தவன். நாங்கள் மறைக்காவிட்டால் பார்வை தப்பியிருக்கும் என்று சொல்லமாட்டேன். சிகரெட்டையாவது விட்டிருப்பான்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, ஜெனற்றிக் ஹெல்த் சேர்விஸுக்குக் கடிதம் கேளுங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

என்னிடமிருந்து என் பிள்ளைகளுக்கு இது போகாது. ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியின் பிள்ளைகளுக்குப் போகலாம். போன ஞாயிறு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்னண்ணை, மகளுக்குப் பேச்சுக்கால் நடக்கிற நேரத்திலையோ இதைச் சொல்லுறியள்?" என்றாள். மகன் சிகரெட் பிடிக்கிறவனா என்று கேட்டேன். கொஞ்சநேரம் மறுமுனையில் சத்தமில்லை.