அடுத்த கொள்ளை நோய்க்கு யார் காவல்?

(மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் போனஸ் அல்ல, பஞ்சப்படி அல்ல. நோய். ஆனால் பேசி முடிக்கிறபோது மறுபடியும் கூலிப் பிரச்னையில்தான் வந்து நிற்போம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வகுப்பு.

2020 மார்ச் 24-ந் தேதி இரவு எட்டு மணிக்கு ஒரு அறிவிப்பு வந்தது. நள்ளிரவில் நாடே பூட்டப்பட்டது. நான்கே மணி நேர அவகாசம்! ஆலைச் சங்கு நின்றது. ஜூன் 24 முதல் மதுரை மாநகரையும் பரவையையும் சுற்று ஒன்றியங்களையும் இரண்டாம் முறை முழுவதுமாகப் பூட்டினார்கள். அந்த நாட்களில் நம் அடுப்பு எப்படி எரிந்தது, எத்தனை நாள் எரியவில்லை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதுதான் கடைசிக் கொள்ளை நோயா? இல்லை. 2018-ல், மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்தில் நிபா என்ற காய்ச்சல் கிளம்பி 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பழந்தின்னி வௌவாலிடம் இருக்கும் கிருமி அது. அதன் பிறகும் பல முறை அங்கே தலை காட்டியிருக்கிறது. உரிமம் பெற்ற தடுப்பூசி அதற்கு இன்னும் இல்லை. காடு அழிகிறது, கோழிப் பண்ணைகள் பெருகுகின்றன, ஜனங்கள் பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். மிருகத்திடம் இருந்த கிருமி மனிதனிடம் தாவுவதற்கு வழி அகலமாகிக்கொண்டே போகிறது.

இதற்கு எதிராக விஞ்ஞானம் என்ன செய்திருக்கிறது? நிறையச் செய்திருக்கிறது. அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். "அது படித்தவர்கள் சமாசாரம்" என்று ஒதுங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

கொள்ளை நோயைத் தடுக்க இரண்டு வேண்டும். ஒன்று காவல், மற்றொன்று ஆயுதம்.

முதலில் காவல். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் அதன் உடலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு எழுதியிருக்கிறது. கொரோனாக் கிருமிக்குச் சுமார் 30,000 எழுத்துக்கள். இந்த எழுத்துக்களை வரிசையாகப் படிக்கும் இயந்திரம் இன்று இருக்கிறது. இது ஜோசியர் படிக்கிற ஜாதகம் அல்ல; மெய்யான ஜாதகம். கிருமி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் உருமாறியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2021 செப்டம்பரில் தமிழக சர்க்கார் பொது சுகாதாரத் துறையின் கீழ் சென்னையில் இப்படிப்பட்ட கூடம் ஒன்றைத் திறந்தது.

சாக்கடையும் சாட்சி சொல்லும். மும்பையில் 2001 முதல் கழிவுநீரைச் சோதித்து இளம்பிள்ளை வாதக் கிருமி ஊருக்குள் நடமாடுகிறதா என்று பார்த்து வந்தார்கள். ஒரு குழந்தைக்குக் கால் விளங்காமல் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நமது மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இங்கே கொசு ஆராய்ச்சி மையம் ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. நெல் வயலில் பெருகும் ஒரு வகைக் கொசு, கொக்கிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் மூளைக்காய்ச்சல் கிருமியை வாங்கி மனிதனுக்குக் கொடுக்கிறது. நம் விஞ்ஞானிகள் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் கொசுக்களைப் பிடித்து, அவற்றுக்குள் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள். மனிதன் விழுவதற்கு முன்பே கொசுவிடம் விசாரணை! நாற்று நடுகிற பெண்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் இதைவிட நல்ல காவல் வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் தோழர்களே, இந்தக் காவலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எத்தனை விலை உயர்ந்த இயந்திரமாக இருந்தாலும் அதற்குக் காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. யாராவது ஒரு காய்ச்சல்காரரின் ரத்தமோ சளியோ அதனிடம் போய்ச் சேர வேண்டும். புதிய நோய் முதலில் யாரைத் தொடும்? வயலில், மாட்டுத் தொழுவத்தில், கோழிப் பண்ணையில், சாக்கடையில் வேலை செய்கிறவரைத் தொடும். இருபது பேர் ஒரே கூடத்தில் படுத்திருக்கும் ஆலை விடுதியில் பரவும். அந்தத் தொழிலாளி என்ன செய்கிறார்? ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வருகிறார். ஏன்? அறியாமையா? இல்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்று நாள் படுத்தால் வேலையே போயிற்று. காய்ச்சல் என்று சொன்னால் "நாளைக்கு வராதே" என்பது காண்டிராக்டரின் பதில்.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். சந்தா உரியபடி கட்டப்பட்ட தொழிலாளிக்கு, நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 வீதம் கிடைக்கும். போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத காண்டிராக்ட் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? மேலூரில் கதிர் அறுக்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை.

ஆகவே காய்ச்சல் மறைக்கப்படுகிறது. மறைத்த காய்ச்சல் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. அது தெரிய வரும்போது ஊரே படுத்திருக்கும்.

பெரியம்மையை இந்த நாடு எப்படி ஒழித்தது என்று நினைத்துப் பாருங்கள். 1958-ல் உலகிலிருந்தே பெரியம்மையை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார மாநாட்டில் முன்மொழிந்தவர் சோவியத் விஞ்ஞானி விக்டர் ஜ்தானோவ். அம்மைப்பால் தயாரிக்கவென்று 1899-ல் அமைக்கப்பட்ட கிண்டி கிங் நிலையத்தின் உழைப்பும் அந்தப் போரில் உண்டு. ஆனால் அம்மைப்பால் மட்டும் போதவில்லை. வீடு வீடாகப் போய் நோயைத் தேடினார்கள். கடைசிக் கட்டமான 1975-ல், புதிதாக ஒரு பெரியம்மை நோயாளி இருப்பதை முதலில் சொன்னவருக்கு ரூ.1000 பரிசு என்று அறிவித்தார்கள். அந்த வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகமே விடுதலை பெற்றது.

அன்று நோயைச் சொன்னவனுக்குப் பரிசு; இன்று நோயைச் சொன்னவனுக்குக் கூலி வெட்டு! எது புத்தியுள்ள ஏற்பாடு?

இனி ஆயுதம். முன்பெல்லாம் ஒரு தடுப்பூசி உருவாகப் பல வருஷம் ஆகும். கிருமியை வளர்க்க வேண்டும், கொல்ல வேண்டும் அல்லது அடக்க வேண்டும். புதிய முறை வேறு. தறி வேலை தெரிந்த தோழர்களுக்கு இது எளிதாக விளங்கும். ஜக்கார்டு தறியில் அட்டையை மாற்றினால் போதும். அதே தறி, அதே பாவு, வேறு பூ விழுகிறது. எம்.ஆர்.என்.ஏ. என்ற முறையில் தடுப்பூசி என்பது ஒரு அட்டைதான். கிருமியின் ஒரே ஒரு உறுப்பின் மாதிரியை எழுதி உடம்புக்குள் அனுப்புகிறார்கள். நம் உடம்பே தறியாகி அந்த உறுப்பை நெய்து பார்க்கிறது. "இது எதிரி" என்று அடையாளம் தெரிந்துகொள்கிறது. புதுக் கிருமி வந்தால் புது அட்டை எழுதினால் போதும்.

2020 ஜனவரியில் கொரோனாவின் எழுத்துக்கள் வெளியாயின. மார்ச் 16-ந் தேதி அமெரிக்காவில் முதல் சோதனை ஊசி மனிதனுக்குப் போடப்பட்டுவிட்டது. இது மந்திரம் அல்ல. பல்கலைக்கழகத்தில், பெரும்பாலும் பொதுப் பணத்தில், பல வருஷம் நடந்த ஆராய்ச்சியின் பலன். அதற்கு அடிப்படை போட்ட காத்தலின் கரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அட்டை எழுதத் தெரிந்துவிட்டது. தறி யாருடையது? கேள்வி இதுதான்.

நம்மிடம் தறிகள் இருந்தன. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம். கிண்டியில் 1948-ல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வுக்கூடம். வடக்கே கசௌலி நிலையம். நம் குழந்தைகளுக்குச் சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிகளை இந்தப் பொதுத் துறை நிலையங்கள் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்தன. 2008 ஜனவரியில் மத்திய சர்க்கார் மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் ஒரே அடியாக நிறுத்தி வைத்தது. தயாரிப்பு முறை தரத்துக்கு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தரம் அவசியம்தான், நம் குழந்தை உடம்பில் ஏறும் மருந்து அல்லவா? ஆனால் கூரை ஒழுகினால் கூரையை வேய்வார்களா, குடியிருப்பவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்களா? 2010-ல் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் சந்தை தனியார் கைக்குப் போய்விட்டது.

அடுத்து செங்கல்பட்டு. 100 ஏக்கரில், ரூ.594 கோடித் திட்டமாக, ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் தயாரிக்கும் பொதுத் துறைத் தடுப்பூசி வளாகத்துக்கு 2012-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். கட்டிடம் எழும்பியது. இயந்திரமும் வந்தது. 2021 மே மாதம், ஊசிக்காக நாடே தவித்தபோது, அங்கிருந்து ஒரு குப்பிகூட வரவில்லை. மே 25-ந் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். மாநிலத்துக்குக் குத்தகைக்காவது கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். நெருப்புப் பிடித்த பிறகு தீயணைக்கும் வண்டிக்கு டிரைவர் தேடிய கதை!

அந்த நேரத்தில் விலை என்ன? 2021 ஏப்ரலில் கோவிஷீல்டு ஊசிக்கு மத்திய சர்க்காருக்கு ரூ.150, மாநிலத்துக்கு ரூ.400, தனியார் ஆஸ்பத்திரிக்கு ரூ.600 என்று கம்பெனி அறிவித்தது. ஒரே ஆலை, ஒரே மருந்து, மூன்று விலை! பொதுத் துறை விஞ்ஞானிகள் கிருமியைப் பிரித்துக் கொடுத்து உருவான கோவாக்சினுக்கு மாநிலத்துக்கு ரூ.600, தனியாருக்கு ரூ.1200. கண்டனம் எழுந்த பின் மாநில விலையை ரூ.300, ரூ.400 என்று குறைத்தார்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நாள் கூலி ரூ.273. இரண்டு டோஸ் கோவாக்சினைத் தனியாரிடம் போட ஒருவருக்கே ஏறத்தாழ ஒன்பது நாள் கூலி வேண்டும். மாநில முகாமில் இலவசம், உண்மை. ஆனால் முகாமில் மருந்து தீர்ந்துபோன நாட்களை நாம் மறக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டும் கேள்வி கேட்ட பிறகு, ஜூன் 21 முதல்தான் மத்திய சர்க்காரே நான்கில் மூன்று பங்கை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது.

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "தனியார் கம்பெனிகள்தானே கோடிக் கணக்கில் தயாரித்துக் கொடுத்தன?" ஆம், கொடுத்தன. அங்கே இரவு பகலாக உழைத்த தொழிலாளருக்கும் விஞ்ஞானிகளுக்கும் நமது வணக்கம். ஆனால் 2021 ஏப்ரலில் அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் ரூ.4,500 கோடி முன்பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார்? சர்க்கார். பணம் பொதுப் பணம், ஆபத்தும் பொது ஆபத்து, லாபம் மட்டும் தனியாரா? மேலும், நோய் இல்லாத காலத்தில் ஆலையைத் தயாராக வைத்திருப்பதில் லாபம் கிடையாது. லாபம் இல்லாத இடத்தில் முதலாளி நிற்க மாட்டான். கண்மாய்க் கரையை மழைக்கு முன்பே பலப்படுத்துவது ஊர்ப் பொது வேலை. அதைப் போன்றதுதான் இதுவும்.

இது முடியாத காரியம் அல்ல. சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் கியூபா, அமெரிக்காவின் பொருளாதார முற்றுகைக்கு நடுவே, சர்க்கார் ஆய்வுக்கூடங்களிலேயே அப்தலா, சோபரானா என்ற தடுப்பூசிகளை 2021-ல் தயாரித்தது. இரண்டு வயதுக் குழந்தை முதல் போட்டது.

நம்மிடமும் மூளைக்குப் பஞ்சமில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் 2024-ல் சம்பள பாக்கி கேட்டுப் போராட வேண்டியிருந்தது என்றால், கொள்ளை நோய்க்கு எதிரான நமது தயாரிப்பின் லட்சணம் அதிலேயே தெரியவில்லையா?

ஆகவே தோழர்களே, நாம் கோருவது இவை:

காய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், காண்டிராக்ட் ஆனாலும் விவசாயக் கூலி ஆனாலும், கூலியோடு ஓய்வு வேண்டும்.

குன்னூர், கிண்டி, செங்கல்பட்டு நிலையங்களுக்குப் புதிய முறைத் தடுப்பூசி இயந்திரங்கள் கொடுத்து, நோய் இல்லாத காலத்திலும் அவற்றை ஓட்ட வேண்டும்.

கிருமியைப் படிக்கும் கூடம் சென்னையோடு நிற்கக் கூடாது. தென் மாவட்டங்களுக்கென்று மதுரையிலும் வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர் பணியிடங்களைக் காலியாக விடக் கூடாது. மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவந்து நம் கையில் குத்துவது அவர்தான்.

கோரிக்கை எழுதினால் மட்டும் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு ஆலைச் சங்கக் கிளையும் ஒவ்வொரு கிராமக் கிளையும் இந்த மாதமே ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாள், எத்தனை நாள் கூலி போயிற்று என்று எழுதட்டும். பெயரைக் காண்டிராக்டருக்குக் காட்ட வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கும், பின்பு கலெக்டர் ஆபீசுக்கும் போவோம். ஒரே தெருவில் ஐந்து காய்ச்சல் என்றால் அதை முதலில் அறிந்தவர்கள் நாமாக இருப்போம்.

அடுத்த கொள்ளை நோய்க்கு முதல் காவல்காரன் காய்ச்சலோடு ஷிப்டுக்கு வரும் தொழிலாளி. அவன் பயமில்லாமல் வாய் திறந்து "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லும் நிலைமையை முதலில் உண்டாக்குவோம்!