ரிஷிகேஷுக்கு முன்னால் ஒரு மெட்ராஸ்காரர்



பீட்டில்ஸ் என்று வாயெடுத்தால் போதும், நம்மவர்கள் உடனே ரிஷிகேஷ் என்பார்கள். 1968 பிப்ரவரி, மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம், கழுத்தில் பூமாலை, கங்கைக் கரை. கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கர், சிதார் என்று இன்னும் இரண்டு மூன்று வருடம் பின்னால் போவார். அதோடு சரி. பீட்டில்ஸுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு அங்கேதான் ஆரம்பித்தது என்று நாமும் நம்பிவிட்டோம்.

இரண்டு வருடம் அந்தக் குழுவின் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மெட்ராஸில் பிறந்தவர் என்று சொல்லிப் பாருங்கள். "யாரு, ரிங்கோ ஸ்டாரா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா, ரிங்கோ லிவர்பூலில் பிறந்து வளர்ந்தவர். நான் சொல்கிறவர் அவருக்கு முன்னால் இருந்த பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24 அன்று மெட்ராஸில் பிறந்தார்.

அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையில் ஒரு அடி நகர முடியாது. பெயர் மோனா. டெல்லியில் பிறந்தவர். அப்பா தாமஸ் ஷா, ஐரிஷ் வம்சத்து ராணுவ மேஜர். பீட்டைப் பெற்ற தகப்பன் கப்பல் இன்ஜினியர். உலகப் போரில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற மோனா, 1944இல் பம்பாயில் ஜானி பெஸ்ட் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். மறு வருடக் கடைசியில் ஜார்ஜிக் என்ற துருப்புக் கப்பலில் ஏறி, குடும்பத்தோடு ஜானியின் ஊரான லிவர்பூலுக்குப் போய் இறங்கினார். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்த நமக்கு இது கேட்காத கதையா? காக்ஸ் டவுனிலும் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அந்தக் காலத்தில் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிய குடும்பங்களைப் பற்றி உங்கள் பாட்டிமார்களே சொல்லியிருப்பார்கள்.

லிவர்பூலில் மோனாவுக்குச் சின்ன வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்கவில்லை. 1954ஆம் வருட டெர்பி பந்தயத்தில், தன் நகையை அடகு வைத்து நெவர் சே டை என்ற குதிரையின் மேல் பணம் கட்டினார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. ஒன்றுக்கு முப்பத்து மூன்று. பதினெட்டு வயது லெஸ்டர் பிகட் ஓட்டினார், குதிரை ஜெயித்தது. அந்தப் பணத்தின் தயவில்தான் பிறகு வெஸ்ட் டெர்பி பகுதியில், ஹேமன்ஸ் கிரீன் தெருவில், எட்டாம் நம்பர் பெரிய வீட்டை வாங்கினார்கள். ரேஸ் கோர்ஸ் பக்கம் போய் வந்த சிலர் இங்கே சிரிக்கிறீர்கள். இந்தக் கூட்டத்திலிருந்து எதை வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அடகு வைக்கும் யோசனையை மட்டும் இங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்த வீட்டுக்குக் கீழே நிலவறை. முதலில் நிலக்கரி கொட்டி வைத்த இடம். மகன்கள் சினேகிதர்களோடு வந்து போகிறார்களே, அதையே ஒரு காபி கிளப் ஆக்கிவிடுவோம் என்று மோனா முடிவு செய்தார். காஸ்பா என்று பெயர் வைத்தார். திறப்பு விழாவுக்குப் பாட வேண்டிய பையன்களையே சுவருக்கு வர்ணம் பூச வைத்தார். யார் அந்தப் பையன்கள்? ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், அவர்களோடு கென் பிரவுன். பால் ஒரு அறையின் கூரையில் வானவில் வரைந்தார். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது. 1959 ஆகஸ்ட் 29, முதல் கச்சேரி. நாலு கிடார். டிரம்ஸ் இல்லை. ஆளுக்குப் பதினைந்து ஷில்லிங் கூலி.

அந்தக் கூலியிலேயே சண்டையும் வந்தது. ஒரு நாள் கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, அவர் வாசிக்கவில்லை. மோனா அவருக்கும் பதினைந்து ஷில்லிங்கை எடுத்து வைத்தார். வாசிக்காதவனுக்கு எதற்குக் காசு என்று மற்ற மூவரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பின்னாளில் கோடிகளில் புரண்டவர்கள்தான். அன்றைக்குப் பதினைந்து ஷில்லிங் பெரிய விஷயம். அதற்கு மேல் எனக்கு மோனாதான் பெரிய விஷயம். காய்ச்சலில் படுத்த கலைஞனுக்கும் சம்பளம் உண்டு என்று நினைத்த முதலாளியம்மா எத்தனை ஊரில் இருந்தார்கள்?

1960 ஆகஸ்டில் பீட்டில்ஸுக்கு ஜெர்மனியிலிருந்து, ஹாம்பர்க் நகரத்திலிருந்து, வாய்ப்பு வந்தது. போக வேண்டும், ஆனால் டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை. மோனாவின் மகனிடம் ஒரு டிரம் செட் இருந்தது. இரண்டொரு நாளில் முடிவாகி, பதினெட்டு வயது பீட் அவர்களோடு வண்டி ஏறினார். ஜான், பால், ஜார்ஜ், பேஸ் கிடாருக்கு ஸ்டூவர்ட் சட்கிளிஃப், டிரம்ஸுக்குப் பீட். ஆகஸ்ட் 17இல் இந்த்ரா கிளப்பில் ஆரம்பம்.

தம்பிமார்களே, இந்த ஹாம்பர்க்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வார நாட்களில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது மார்க். படுக்கை எங்கே? பாம்பி கீனோ என்ற பழைய சினிமா கொட்டகையில், திரைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. கக்கூஸுக்குப் பக்கத்துச் சுவர். முகம் கழுவுவதும் அங்கேதான். குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாலுமிகளை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். அத்தனை மணி நேரத்துக்குப் பாட்டு ஏது? ஒரே பாட்டை இழுத்து, திருப்பி, நடுவில் புதிதாக எதையாவது சேர்த்து வாசித்தார்கள். கிடார்க்காரன் கொஞ்சம் கையை உதறலாம், பாடுகிறவன் தண்ணீர் குடிக்கலாம். டிரம்ஸ் நின்றால் கச்சேரியே நின்றுவிடும். அந்த ஆறு மணி நேரமும் கால் ஓயாமல் மிதித்தது நம் மெட்ராஸ்காரருடைய கால்.

வருடக் கடைசியில் ஜார்ஜுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்று ஜெர்மன் போலீஸ் திருப்பி அனுப்பியது. பால், பீட் இருவரையும் தங்கியிருந்த இடத்தில் நெருப்பு வைத்ததாகப் பிடித்து நாடு கடத்தியது. திரும்பி வந்தவர்கள் அதே டிசம்பரில் முதலில் வாசித்த இடம் மோனாவின் நிலவறை. டிசம்பர் 27 அன்று லிதர்லேண்ட் டவுன் ஹாலில் அவர்கள் ஆரம்பித்ததும் கூட்டம் நடனத்தை விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடி வந்தது. ரசிகர்களின் கூச்சல் என்று பின்னாளில் உலகமே பேசியதற்கு அதுதான் முதல் நாள். மோனா சும்மா இருக்கவில்லை. போன் போட்டு, ஆள் பிடித்து, கச்சேரி வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் என்ற பட்டம் மட்டும்தான் அவருக்கு இல்லை.

1961 ஜூனில் மறுபடி ஹாம்பர்க்கில், டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னால் மை போனி என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்த ரெக்கார்டைக் கேட்டு ஒரு பையன் தன் கடைக்கு வந்ததால்தான் பீட்டில்ஸ் யார் என்று தேடிப் போனேன் என்று பிரையன் எப்ஸ்டீன் பிறகு எழுதினார். குழுவை உலகத்துக்குக் கொண்டுபோன மேனேஜரை இழுத்து வந்த ரெக்கார்டிலும் டிரம்ஸ் பீட் பெஸ்ட்தான்.

பிறகு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். 1962 ஜூன் 6, லண்டன் அபி ரோடு ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லை. ரெக்கார்டிங்குக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். குழுவை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 16 காலையில் எப்ஸ்டீன் பீட்டைக் கூப்பிட்டு, உன்னை நீக்கிவிட்டார்கள் என்றார். இரண்டு வருடம் ஒரே அறையில் தூங்கியவர்கள் ஒருவரும் நேரில் வந்து சொல்லவில்லை. இரண்டு நாளில் ரிங்கோ வந்து உட்கார்ந்தார். அக்டோபர் 5இல் லவ் மீ டூ வெளிவந்தது.

ரிங்கோ பீட்டைவிட நல்ல டிரம்மரா? ஆமாம். இந்த மேடையில் ஊர்ப்பாசத்துக்காக நான் பொய் சொல்லப் போவதில்லை. பீட் வாசித்த லவ் மீ டூ இன்றைக்கும் கிடைக்கிறது, கேளுங்கள். நடுவில் தாளம் ஒரு கட்டத்தில் தடுமாறி நடை மாறுகிறது. ரிங்கோ வாசித்ததில் அது இல்லை. ஆனால் தம்பி, சிறந்தவரைத் தேர்ந்தெடுப்பது வேறு, முதலில் தோள் கொடுத்தவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது வேறு. 1995இல் பழைய பதிவுகளை ஆந்தாலஜி என்று வெளியிட்டபோது, அட்டையில் இருந்த பழைய படத்தில் பீட்டின் முகம் கிழிந்த மாதிரியும் அந்த இடத்தில் ரிங்கோவின் முகம் தெரிகிற மாதிரியும் அமைத்தார்கள். உள்ளே அவர் வாசித்த பத்துப் பாட்டு. அதற்கான ராயல்டி வந்ததுதான் அவருக்குக் கிடைத்த நியாயம். அதற்கு முன்னால் ரொட்டிக் கிடங்கில் சுமை ஏற்றினார். பிறகு சுமார் இருபது வருடம் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தார்.

மோனாவோ, மகனை வெளியே தள்ளியவர்களோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. 1967இல் சார்ஜன்ட் பெப்பர் ஆல்பத்தின் அட்டைப்படத்துக்காக ஜான் லெனான், மோனாவின் அப்பா மேஜர் ஷா இந்தியாவில் வாங்கிய பதக்கங்களை இரவல் கேட்டார். கொடுத்தார். ரிஷிகேஷுக்கு ஒரு வருடம் முன்னால்.

சரி, மர்பி டவுனில் இதை ஏன் பேச வேண்டும்? நம் பெங்களூரில் 1970களில் ஹ்யூமன் பாண்டேஜ் என்று ஒரு ராக் குழு இருந்தது. அதில் டிரம்ஸ் வாசித்த ரமேஷ் ஷோத்தமும் மெட்ராஸில் பிறந்தவர். பிறகு இதே ஊரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் தவில் கற்றுக்கொண்டு, ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் போய் நிலைத்தார். அவர் பெயர் கேட்டவர் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும் என்று எனக்குத் தெரியும். அவருக்கே இந்த நிலை என்றால், அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம் கல்யாணத்திலும் கிறிஸ்துமஸ் டான்ஸிலும் மாதா திருவிழாவிலும் டிரம்ஸ் வாசித்தவர்களை, டிரம்பெட் ஊதியவர்களை, யார் எழுதி வைத்தார்கள்? இந்தப் பேட்டைக்கு மர்பி என்ற ஓர் இன்ஜினியரின் பெயர் நிலைத்துவிட்டது. வாசித்தவர்கள் பெயர் ஒரு காகிதத்தில்கூட இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பாண்டு போட்டோவோ, கச்சேரி நோட்டீஸோ, கேசட்டோ இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். போட்டோவை நாங்கள் அங்கேயே படம் பிடித்துக்கொண்டு உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வருவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து, இடமிருந்து வலமாக யார் யார், எந்த வருடம், எந்த இடம் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.