தட்டு, கட்டு, லட்டு

நீங்க சமையற்கட்டுல நிக்கிறீங்க. உங்க நாலு வயசுக் குழந்தை காலைச் சுத்திச் சுத்தி வருது. உங்க கையில ஒரு தட்டு. "தட்டு"ன்னு சொல்லுங்க. அப்புறம் "கட்டு... பட்டு..."ன்னு இழுத்துட்டு நிறுத்துங்க. "லட்டு!"ன்னு பதில் வரும்.

எதுகைன்னா பள்ளிக்கூடத்துல பயந்தோமே, அதுதான் இது! தமிழ்ல எதுகை இரண்டாவது எழுத்துல இருக்கு. முதல் எழுத்தை மாத்திக்கிட்டே போனாப் போதும், புதுப்புதுச் சொல்லா வரும்.

சில சமயம் குழந்தை "யட்டு"ங்கும். அப்படி ஒரு சொல்லே இல்லைன்னு திருத்தாதீங்க. ஓசை சரியா வந்திருக்கு பாருங்க. இப்போதைக்குக் காதுதான் பழகணும். சொல்லுக்குள்ள இருக்கிற ஓசையைக் காது பிரிச்சுக் கேட்டாத்தான், பின்னால எழுத்துக் கூட்டி வாசிக்கிறது சுலபமாகும். அதனால நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம். காது போதும்.

இன்னொரு விளையாட்டு. "கல்லு, பல்லு, வில்லு, வாழைப்பழம்!"னு சொல்லுங்க. ஒட்டாத சொல் வந்ததும் குழந்தை கைதட்டணும். பெரும்பாலும் கைதட்டாது, விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிச்சாலே கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம்.

இட்லி வேகிற நேரம் போதும் இதுக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். "லட்டு"ன்னு சொன்ன குழந்தை, அடுத்து லட்டே கேக்கும்!