மழை நாட்களில் தோட்ட வேலை



வானத்தைப் பார்த்து வாழ்பவர்கள் நாம். நமது விருதுநகர் மாவட்டத்திற்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. மற்ற மாதங்களின் வறட்சியே சிவகாசியில் தொழில் வளர ஒரு காரணமாயிற்று. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீக்குச்சியையும் பின்னர்ப் பட்டாசையும் உலர்த்த இவ்வூர் வெயில் துணை நின்றது. அதே காரணத்தால், மழை பெய்தால் வேலை நிற்கிறது. தீபாவளி கழிந்தபின் ஆலைகளும் சில நாட்கள் ஓய்கின்றன. கரிசல் வயலிலும் கால் வைக்க இயலாது. கூலி நிற்கும் அந்நாட்களில் காய்கறிச் செலவு மட்டும் நிற்பதில்லை. ஆகவே, அந்நாட்களை வீட்டுத் தோட்டத்திற்கு அளிப்பதே அறிவுடைமையாகும்.

முதலில், செய்யத் தகாதவற்றைக் கூறுவோம். ஈரக் கரிசலை மிதிப்பதும் கொத்துவதும் ஆகாது. மண் இறுகி, காய்ந்தபின் கட்டியாகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். உருண்டையாகவே கிடந்தால் பொறுத்திருக்க வேண்டும். பெருமழைக்கு முன் உரமிடுவதும் மருந்து தெளிப்பதும் வீண். இரண்டையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

இனி, செய்யத்தக்கவை. மழை விட்டதும் செடிகளின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். பப்பாளியும் முருங்கையும் ஓரிரு நாள் நீர் தேங்கினாலே அழுகும். ஆடியில் விதைத்த அவரையின் பந்தற்கால்களைக் காற்றில் சாயாதபடி இறுக்கிக் கட்டலாம். களைகள் ஈரத்தில் வேரோடு எளிதாக வரும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கி எருக்குழியில் இடுவோம். அது தோலில் அரிப்பு உண்டாக்குமாதலால் கையில் உறை அணிவது அவசியம்.

மழை வெறித்த நாளில் முருங்கை வைக்கலாம். பெரியகுளம் 1 என்னும் செடிமுருங்கை விதையால் வளர்வது. ஒன்றரை அடிக் குழியைத் தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து மூடி, மேடாக்கி, இரண்டு விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகும். ஐப்பசியில் ஊன்றியது சித்திரை வாக்கில் காய் தரும். பாத்தியை உயர்த்தி முளைக்கீரையைத் தூவினால், ஒரு மாதத்திற்குள் கறிக்கு ஆகும்.

கூரைநீரை வீணாக்கலாகாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்! 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்களும் தொட்டிகளும் தூர்ந்து கிடந்தால், முதல் மழைக்குமுன் துப்புரவு செய்வோம்.

நமது பகுதிக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. வெடிமருந்து வந்த சாக்கையும் பீப்பாயையும் நீர் பிடிக்கவோ செடி வளர்க்கவோ உபயோகிக்கக் கூடாது. நீரில் கரையும் பேரியம் உப்புகள் கொடிய நஞ்சு. கழுவிவிட்டோம் என்ற தைரியம் போதாது.

சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் கொசு வளர்கிறது. தோட்டத்தைச் சுற்றி வரும்போதே அவற்றைக் கவிழ்த்துவிடுவோம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கூடும் கிராம சபைகள் மழைக்காலத்தின் வாயிலிலேயே அமைகின்றன. எந்தத் தெருவில் நீர் தேங்குகிறது, எந்தப் பள்ளியில் முருங்கை நட இடமுண்டு என்பவற்றை அங்கேயே பேசி முடிவு செய்யலாம். குழாயடியில் வீணாகும் நீருக்கு ஒரு வாழைக்கன்றேனும் வைக்கலாம்.

பெய்த மழையும் ஓய்ந்த கைகளும் நம்மிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றுசேர்த்தால், கோடையில் நம் வீட்டுக் குழம்பில் நம் கொல்லைக் காயே வேகும்.