கர்ப்பப்பைக் கட்டியும் கேட்கவேண்டிய கேள்வியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வியாதியைப்பற்றியது. பொதுக்கூட்டத்தில், அதுவும் ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் இடத்தில், கர்ப்பப்பையைப்பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அப்படிச் சுளிப்பவர்களுக்கு நாம் சொல்லும் சமாதானம் ஒன்றுதான். அந்தப் பையிலிருந்து வராதவர் யாரும் இந்தக் கூட்டத்தில் இல்லை. வெட்கத்தின் பேரால் மூடி வைத்த வியாதி எதுவும் தானாகச் சொஸ்தமானதும் இல்லை.

கர்ப்பப்பையில் உண்டாகும் நார்க்கட்டி மிகச் சாதாரணமானது. அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்தபோது, 50 வயதாவதற்குள் வெள்ளைக்காரப் பெண்களில் 100-க்கு 70 பேருக்குச் சற்றேறக்குறையவும், கறுப்புப் பெண்களில் 80 பேருக்கு மேலும் இந்தக் கட்டி இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் கட்டி இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆகவே இது முற்பிறப்பின் பாபம் என்றும், யாரோ ஒருத்தியின் சாபம் என்றும் சொல்லுகிறவர்களை நாம் கேட்கிறோம்: நூற்றுக்கு எழுபது பேரையும் எண்பது பேரையும் சபித்தவள் யார்? அவ்வளவு பேரும் செய்த பாபந்தான் என்ன?

இது புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பையின் தசையில் ஒரே ஓர் அணு தன் அளவை மீறிப் பெருகுவதால் உண்டாகும் உருண்டைதான். பெண்ணின் சூல்பையிலிருந்து ஊறும் ஹார்மோன்களை உண்டு இது வளருகிறது. அதனால்தான் மாதவிலக்கு நின்றுபோன பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இதைத் தீங்கற்ற கட்டி, சாதுவான கட்டி என்று வைத்தியர்கள் சொல்லுவார்கள். சாதுவான கட்டிக்கு இலக்கணம் என்னவென்றால், அது பிறந்த இடத்திலேயே இருக்கும், வேறு உறுப்புக்குப் போகாது என்பதாகும். வேறு உறுப்புக்குப் போவது புற்றுநோயின் குணம் என்பதே வைத்திய நூல்களின் பாடம்.

ஆனால் தோழர்களே, 1939-ம் வருஷத்தில் ஸ்டெய்னர் என்ற வைத்தியர் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையொன்றில் ஒரு விசித்திரத்தை எழுதினார். ஒரு பெண்ணின் சுவாசப்பையில் பல கட்டிகள் இருந்தன. அவற்றை அறுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அவை சுவாசப்பையின் சதையாக இல்லை. கர்ப்பப்பை நார்க்கட்டியைப் போலவே இருந்தன. உருவத்தில் சாது, நடத்தையில் ஊர்சுற்றி! அதற்குப் பிறகு இப்படிப்பட்டவர்கள் உலகத்தின் பல பாகங்களிலும் காணப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே நார்க்கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பத்துப் பதினைந்து வருஷங்கள் கழித்து, வேறு எதற்காகவோ மார்பை எக்ஸ்ரே படம் பிடித்தபோது, சுவாசப்பையில் உருண்டை உருண்டையாக நிழல்கள் தெரிந்தன. சுவாசப்பையே அதிகமாகப் பாதிக்கப்படும் இடமென்றாலும், எலும்பிலும் நிணநீர் முடிச்சுகளிலுங்கூடக் கண்டிருக்கிறார்கள்.

இது எப்படி நேருகிறது? மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. கட்டியின் அணுக்கள் இரத்தக் குழாய் வழியாகப் போய் சுவாசப்பையில் தங்கிவிடுகின்றன என்பது ஒன்று. ஆபரேஷனில் கட்டியை அறுக்கும்போது, துணுக்குகள் இரத்தத்திலோ வயிற்றுக்குள்ளோ சிதறுகின்றன என்பது இரண்டாவது. எங்கிருந்தும் எதுவும் போகவில்லை, அந்தந்த இடத்திலேயே புதிதாக முளைத்தது என்பது மூன்றாவது.

இவற்றில் எது சரி என்பதை யாரும் ஞானதிருஷ்டியால் முடிவு செய்யவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். பெண்ணின் ஒவ்வோர் அணுவிலும் எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றொன்று உறங்கிவிடும். இதை 1961-ல் மேரி லயன் என்ற ஆங்கில விஞ்ஞானி அம்மையார் எடுத்துச் சொன்னார். எது உறங்குவது என்பது அணுவுக்கு அணு வேறுபடும். ஆனால் ஓர் அணுவிலிருந்து பெருகிய சந்ததி முழுதுக்கும் அது ஒரே மாதிரியாக இருக்கும். இந்த அடையாளத்தைக்கொண்டு சுவாசப்பைக் கட்டிகளையும் கர்ப்பப்பைக் கட்டியையும் ஒத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே அணுவின் சந்ததி என்பதற்குச் சாட்சியம் கிடைத்தது. ஆகவே சுவாசப்பையைப் பொறுத்தவரை, தானாக முளைத்தது என்ற வாதம் பலவீனப்பட்டுப் போயிற்று.

இனி ஆபரேஷன் சங்கதிக்கு வருவோம். பெரிய கட்டியைச் சின்னத் துவாரத்தின் வழியாக வெளியே எடுப்பதற்கு, சுழலும் கத்தியுள்ள குழாய் போன்ற இயந்திரம் ஒன்று வந்தது. அமெரிக்கச் சர்க்காரின் மருந்து அதிகார சபை இதை அனுமதித்தது. வயிற்றுக்குள்ளேயே கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே எடுத்துவிடும். தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பவையெல்லாம் உண்மையான லாபங்கள்தான். ஆனால் சுழலும் கத்தி துணுக்குகளைத் தெறிக்கச் செய்யும் என்பதை யோசித்திருக்க வேண்டாமா? தெறித்த துணுக்கு வயிற்றின் உட்சவ்விலும் குடலின் மேலும் ஒட்டிக்கொண்டு, அங்கேயே இரத்தம் உறிஞ்சிப் புதுக்கட்டியாக வளர்ந்த சம்பவங்கள் வெளிவந்தன.

அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. சாதுவென்று நினைத்து வெட்டிய கட்டிக்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஏமி ரீட் என்ற அம்மையார் ஆபரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்கும் டாக்டர்; ஆறு குழந்தைகளின் தாய். 2013-ல் அவருக்கு இந்த இயந்திரத்தால் ஆபரேஷன் நடந்தது. பிறகுதான் அது புற்றுநோய் என்று தெரிந்தது. அவரும் டாக்டரான அவர் கணவரும் "விதி" என்று உட்கார்ந்துவிடவில்லை. இந்த முறையையே நிறுத்த வேண்டுமென்று ஊரறியக் கிளர்ச்சி செய்தார்கள். 2014 ஏப்ரலில் அதிகார சபை எச்சரிக்கை விடுத்தது. நார்க்கட்டி என்று ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு மறைந்திருக்கும் புற்று இருக்கக்கூடும் என்பது அதன் கணக்கு. அவ்வளவு இராது என்று வாதித்த வைத்தியர்களும் உண்டு. எனினும் அவ்வருஷமே நவம்பரில் அந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாக்கப்பட்டது. வெட்டுவதாயிருந்தால் பைக்குள் அடக்கி வெட்டவேண்டும் என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. ஏமி ரீட் 2017-ல் மாண்டார். அவர் எழுப்பிய கேள்வி மாளவில்லை.

அப்படியானால் இயந்திரந்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் பகுத்தறிவாகாது. ஸ்டெய்னர் கண்டு எழுதிய 1939-ல் இந்த இயந்திரமே கிடையாது. கையால் வெட்டி முழுதாக எடுத்தவர்களுக்கும் சுவாசப்பைக் கட்டி வந்திருக்கிறது. ஆகவே இரத்தத்தின் வழியும் உண்டு, கத்தியின் வழியும் உண்டு என்பதே இதுவரை கிடைத்த அத்தாட்சிக்குப் பொருந்தும். மூடநம்பிக்கையை விட்டுவிட்டு அரைநம்பிக்கையைப் பிடித்துக்கொள்ளுவதில் என்ன பிரயோசனம்?

இதைக் கேட்டு யாரும் பயப்படவேண்டாம். ஊர்சுற்றும் கட்டி மிக அபூர்வம். வந்தாலும் பெரும்பாலோருக்கு மெதுவாகவே வளருகிறது. உயிருக்கு ஆபத்து நேருவது மிகச் சொற்பம். சிலருக்குப் படம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். சிலருக்கு ஹார்மோனை அடக்கும் மருந்து கொடுக்கிறார்கள். சிலருக்குச் சூல்பையையோ சுவாசப்பைக் கட்டியையோ எடுக்கிறார்கள். மாதவிலக்கு நின்றபின் தானே சுருங்கியதும் உண்டு. ஆதலால் உதிரப்போக்கால் இரத்தம் வற்றிக் கிடக்கும் பெண், "கத்தி பட்டால் பரவும்" என்று பயந்து வைத்தியத்தை மறுப்பாளானால், அது நாம் பேசியதற்கு நேர்விரோதம்.

நாம் சொல்வது, பணிந்து போகாமல் கேட்டுப் போகவேண்டும் என்பதே. கர்ப்பப்பையை எடுத்தாகவேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள். உபத்திரவம் செய்யாத கட்டியைத் தொடவேண்டிய அவசியமில்லை. முழுதாக எடுக்கப்போகிறீர்களா, துண்டாக்கியா, துண்டாக்கினால் பைக்குள் அடக்கியா என்று கேளுங்கள். சூல்பை இருக்குமா, போகுமா என்று கேளுங்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் அறிக்கையைக் கையில் வாங்குங்கள். நகைச்சீட்டைப் பத்திரப்படுத்துவதுபோல் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏனென்றால், பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் மார்புப் படத்தில் நிழல்கள் தெரிந்தால், பார்க்கும் டாக்டர் புற்றுநோய் பரவிவிட்டதென்றோ காசநோயென்றோ நினைக்க இடமுண்டு. "எனக்கு இன்ன வருஷம் இன்ன கட்டிக்காக ஆபரேஷன் நடந்தது, இதோ காகிதம்" என்று அவள் நீட்டினால், ஒரு துணுக்கை எடுத்துப் பழைய கட்டியோடு ஒப்பிட்டு உண்மையை அறியலாம். அந்தக் காகிதம் அவளுக்கு வீண் மருந்தையும் வீண் மரணபயத்தையும் தடுக்கும். ஆனால், "பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று அவளிடம் ஒன்றுமே சொல்லாமல், புருஷன் மட்டும் கையெழுத்துப் போட்டு வந்த வீடுகள் எத்தனை? தன் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்று தெரியாமலே கிழவியானவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் தம் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தோழர்களே! நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் இன்றிரவு வீட்டுக்குப் போய், ஆபரேஷன் செய்துகொண்ட தாயோ, அக்காளோ, மனைவியோ இருந்தால், அந்தக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அதைச் செய்வீர்களானால், இந்தக் கூட்டம் வீண்போகவில்லை என்று கருதி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.